ஆறு பிரியதத்தம் நீண்ட மூச்சு

எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. மூச்சை அளக்கப் பிரியதத்தம்தான் இருந்தது. அருள் நிறைந்த மரியே என்று தொடங்குகிற செபத்தை எங்கள் கடற்கரையில் அந்நாளில் அப்படித்தான் சொல்வோம். சங்கு குளிக்கிறவர் கல்லில் கால்வைத்துக் கடலுக்குள் இறங்கியதும், வள்ளத்தில் கயிறு பிடித்து நிற்கிறவர் பிரியதத்தம் சொல்லத் தொடங்குவார். ஒன்று முடிந்தால் அடுத்தது. சாதாரண ஆளுக்கு நான்கு. கெட்டிக்காரனுக்கு ஐந்து. என் வீட்டுக்காரருக்கு ஆறு. ஏழாவதில் பாதி ஓடும்போதுதான் கயிறு அசையும் என்று அவரோடு போகிறவர்கள் சொல்வார்கள்.

அந்த ஆறு எப்படி இரண்டானது, யார் யார் கை அதில் பட்டது என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். முதல் கை என்னுடையது. அதை மறைத்து எழுதினால் மற்றவர்களைத் திட்ட எனக்கு வாய் இருக்காது.

யுத்தம் நடந்த சமயம். தூத்துக்குடியில் ஒரு வளவில் குடியிருந்தோம். ஒரே முற்றம், அதைப் பார்த்து வரிசையாய் எட்டு வீடு. வீடு என்றால் முன்னால் ஓர் அறை, உள்ளே ஓர் அறை, ஓரமாய் ஒரு குசினி, அவ்வளவுதான். உள்ளறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. அது கடலைப் பார்த்த ஜன்னல். ஆனால் கடலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு குறுகலான முடுக்கும், முடுக்கைத் தாண்டி வளவுக்குச் சொந்தக்காரரின் மாடி வீடும் இருந்தன. அவர் பனங்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து வியாபாரத்தில் பெரிய ஆளானவர். ஊரே அவரை அண்ணாச்சி என்றது, நாங்களும் அப்படியே சொன்னோம். பேச்சில் குறை சொல்ல முடியாது. எதிரே கண்டால், பிள்ளை எப்படி இருக்கு, அரிசி கிடைச்சுதா என்று நின்று கேட்பார்.

சங்கைக் கரையில் கொடுத்துவிட வேண்டும். சில நாள் சதை வீட்டுக்கு வரும். அதை அரிந்து காயப்போடுவோம். நாற்றம் உண்டுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். விடியற்காலையில் கரையிலிருந்து கடலுக்குக் காற்று அடிக்கும்போது அந்த நாற்றம் நேராக அண்ணாச்சியின் மாடிக்குப் போயிற்று. ஒருநாள் தச்சரை அனுப்பி, எட்டு வீட்டு ஜன்னல்களுக்கும் வெளியே குறுக்குப் பலகை அடித்துவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்காத அந்த வாயை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

மார்கழி பிறந்து சங்கு குளிப்பு சூடு பிடித்த நேரம். அடுத்த வீட்டுக் கைப்பிள்ளைக்குக் கக்குவான் இருமல் வந்தது. கேட்டவர்களுக்குத் தெரியும். பிள்ளை இருமி இருமி முகம் நீலம் பாய்ந்து, கடைசியில் மூச்சை உள்ளே இழுக்கும்போது ஊளை மாதிரி ஒரு சத்தம் வரும். சுவர் ஒன்றுதான் நடுவில். என் வீட்டுக்காரருக்கு இருமல் தொற்றிவிட்டால் அந்த வருஷத்துக் குளிப்பே போயிற்று. இருமுகிறவனை எந்தச் சம்மாட்டி தம் வள்ளத்தில் ஏற்றுவார்? எங்கள் வீட்டில் உலை ஏறுவது அவர் மூச்சில்தான். அவரே விளையாட்டாகச் சொல்வார்: “மேல நிக்கிற ஒனக்குக் காத்து சும்மா வருதுளா. எனக்கு அதுதான் கூலி.”

ஆகவே அந்த மூச்சைக் காப்பாற்ற நானும் அவருடைய அக்காவும் கிளம்பினோம். மதினி எங்களோடுதான் இருந்தாள். தம்பி என்றால் உயிர் அவளுக்கு. கடலிலிருந்து மூன்று மணி வாக்கில் வருவார், சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் தூங்குவார். அடுத்த வீட்டு இருமல் காற்று படக்கூடாது என்று அந்த அறைக் கதவையும் சாத்தினோம். கதவிடுக்கில் பழந்துணி திணித்தோம். ஜன்னலுக்குத்தான் அண்ணாச்சி ஏற்கெனவே பலகை அடித்திருந்தாரே, எங்களுக்கு அந்த வேலை மிச்சம் என்று மதினி சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நாலைந்து நாளில் அண்ணாச்சியின் கணக்கப்பிள்ளை வந்தார். வீட்டுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார். வெள்ளைத் தூள். துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கியில் தெரிந்தவர் மூலமாக அண்ணாச்சி வரவழைத்தாராம். நோய் நொடி மாடிக்கு ஏறிவிடக் கூடாது என்கிற கவலை. “வீட்டுல நல்லாத் தூவுங்க, கிருமி அத்தனையும் செத்துப்போகும்” என்றார். எவ்வளவு தூவ, எங்கே தூவ, எதோடு சேர்க்கக்கூடாது என்று அவரும் சொல்லவில்லை, அவருக்கும் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

எனக்கு ஒரு பழக்கம். பள்ளிக்கூடம் போனவள் இல்லை நான். கடையில் கட்டிவருகிற தாளைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்றவள். சாமான் மடித்து வருகிற தாளை வாசிக்காமல் விடமாட்டேன். அந்தப் பொட்டலத்துத் தாளையும் பிரித்து வாசித்தேன். ஜப்பான்காரன் எதுவரை வந்திருக்கிறான் என்று இருந்தது. கப்பல் மூழ்கிய செய்தி இருந்தது. ஒரு தலைவலித் தைலத்துக்கு விளம்பரம் இருந்தது. உள்ளே இருந்த தூளைப் பற்றி ஒரு வரி இல்லை. இருந்திருந்தால் வாசித்திருப்பேன். வாசிக்கத் தெரிந்தவள் கையில் வாசிக்க ஒன்றும் இல்லாத பொட்டலத்தைக் கொடுத்தார்கள்.

அன்று மாலை என் வீட்டுக்காரர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். மதினி பூனைபோல் போய்க் கட்டிலைச் சுற்றிப் பொட்டலம் முழுவதையும் தூவிவிட்டு வந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தத் தூளின் வாடை கதவிடுக்கு வழியாக முன்னறைக்கு வந்தது. மனிதன் இதில் எப்படித் தூங்குவான் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் வீடுகளில் வாடை என்றால் ஒரே வைத்தியம்தான். சங்குச் சதை அரிந்த இடம், மீன் அறுத்த இடம் எல்லாவற்றையும் காடி ஊற்றித்தான் கழுவுவோம். கள்ளைப் புளிக்கவைத்து எடுக்கிற காடி. எங்கள் ஆட்கள் வினாகிரி என்பார்கள். மீன் ஊறுகாய்க்காக ஒரு ஜாடி நிறைய வைத்திருந்தேன். தூள் கிருமியைக் கொல்லும், காடி வாடையைக் கொல்லும் என்று கணக்குப் போட்டேன். ஜாடியோடு உள்ளே போய், கட்டிலைச் சுற்றி, அந்தத் தூளின்மேலேயே ஊற்றினேன்.

பொங்கியது. கண்ணிலும் மூக்கிலும் சுருக்கென்று ஏறியது. ஏறினால் என்ன நினைத்தேன் தெரியுமா? மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தேன். அது வெளியே போய்விடக் கூடாதே என்று கதவை இழுத்துச் சாத்தி, பழந்துணியை மறுபடியும் திணித்துவிட்டுக் குசினிக்குப் போனேன்.

இதை எழுதுகிற கையை இப்போதும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

இருமல் கேட்டது. பிள்ளையின் இருமல் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்த சத்தம். கதவைத் திறந்தால், கண்ணை விழிக்க முடியாத ஒரு மஞ்சள் நெடி. ஓடி வந்த மதினியும் நானும் அவர் தோளைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துப் போட்டோம். வாயில் நுரை. நெஞ்சுக்கூடு ஏறுகிறது, காற்று போகவில்லை. ஐம்பது அடி ஆழத்தில் காற்று இல்லாமல் சிரித்துக்கொண்டு இருக்கிற மனிதர், எட்டு வீட்டு முற்றத்தில் காற்றுக்குத் தவித்தார்.

அப்போது வளவுக்காரி ஒருத்தி சட்டியில் நெருப்பள்ளிச் சாம்பிராணி போட்டுக் கொண்டுவந்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அன்பாகத்தான் பிடித்தாள். மூச்சுக்குத் தவிக்கிறவனுக்குப் புகை! காலால் எற்றினேன். சட்டி உடைந்து கங்கு சிதறியது. மூன்று மாசம் அவள் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் நாசரேத்துக்கார நர்சு ஒருவர் இருந்தார். கறாரான மனுஷி. என்ன செய்தோம் என்று கேட்டார். சொன்னேன். தூள், காடி, சாத்திய கதவு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் கை அப்படியே நின்றது. அது கிணற்றில் போடுகிற சலவைத் தூள், அதில் புளிப்பு எது பட்டாலும் விஷக்காற்று கிளம்பும் என்றார். பிறகு என்னைத் திட்டாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அந்த ரூமுக்கு ஜன்னல் கெடையாதா?”

“உண்டு. பலகை அடிச்சிருக்கு.”

“ஏன்?”

“நாத்தம் மாடிக்குப் போகுதுன்னு.”

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். கக்குவானும் சயரோகமும் சாத்திய வீட்டில்தான் சுவரேறிப் போகும், திறந்த வீட்டில் காற்று அதைக் கொண்டுபோய்விடும், அந்தப் பிள்ளைக்கும் காற்றுத்தான் வேண்டும், இருமுகிற பிள்ளையின் முகத்துக்கு நேரே மற்றப் பிள்ளைகளை விடாதே, அவ்வளவுதான் வைத்தியம் என்றார். எத்தனை சுலபமான வைத்தியம் என்று கேட்டு எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்தேன்.

பதினேழாம் நாள் அவரை வீட்டுக்கு அழைத்துவந்தேன். அதற்குள் சம்மாட்டி வள்ளத்தில் வேறு ஆளைச் சேர்த்துவிட்டார். அண்ணாச்சி கணக்கப்பிள்ளையிடம் ஒரு பொட்டலம் பனங்கற்கண்டு கொடுத்து அனுப்பியிருந்தார். நெஞ்சுக்கு நல்லதாம். கற்கண்டு அனுப்ப மனசு வந்தது, பலகையை எடுக்க வரவில்லை. அதை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, குசினியிலிருந்து விறகு பிளக்கிற கோடாலியை எடுத்துக்கொண்டு முடுக்குக்குப் போனேன். எங்கள் ஜன்னல் பலகையைப் பெயர்த்தேன். பிறகு பிள்ளை இருந்த வீட்டுப் பலகையையும் பெயர்த்தேன். பிள்ளையின் தாய் உள்ளேயிருந்து பயந்துபோய்ப் பார்த்தாள். “ஏளா, ஏசப்போறாவ” என்றாள். ஏசட்டும் என்றேன்.

அடுத்த நாள் கணக்கப்பிள்ளை வந்தார்.

“அண்ணாச்சி கேக்காரு, யாரைக் கேட்டுப் பலகையைப் பேத்திய?”

“அவரு யாரைக் கேட்டு அடிச்சாரு?”

“அவருக்குச் சொந்தமான வீடுல்லா?”

“வீடு அவருக்குச் சொந்தம். காத்தும் அவரு வாங்கிப் போட்டதா? வந்து அந்த ரூமுக்குள்ள கதவச் சாத்திட்டு ஒரு சாயங்காலம் இருந்து பாக்கச் சொல்லும். அப்புறம் நானே பலகைய அடிச்சுத் தாரேன்.”

கணக்கப்பிள்ளை நல்லவர். தலையைக் குனிந்துகொண்டு போனார். நான் சொன்னதில் எவ்வளவைப் போய்ச் சொன்னாரோ தெரியாது. மறுநாள் தச்சர் ஆணியோடு வந்தார். நான் ஜன்னலுக்குள்ளிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த ஜன்னலில் அந்தத் தாய், இடுப்பில் பிள்ளையோடு. பிள்ளை நல்ல நேரம் பார்த்து ஒரு இருமல் இருமியது. தச்சர் மாடியை நிமிர்ந்து பார்த்தார், எங்களைப் பார்த்தார், சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு.

அதற்குப் பிறகு அண்ணாச்சி என்ன செய்தார் தெரியுமா? முடுக்கைப் பார்த்த தம் வீட்டு ஜன்னல் நான்கையும் சாத்திக்கொண்டார். அவர் மாடிக்கு மற்ற மூன்று பக்கமும் ஜன்னல் உண்டு. ஒருவருக்கும் மூச்சு முட்டவில்லை. இந்த நான்கையும் முதல் நாளே சாத்தியிருக்கலாம். எட்டு வீட்டுக்கு ஆணி அடித்ததற்குப் பதிலாக நான்கு தாழ்ப்பாளைப் போட்டிருக்கலாம். அவர் போய்ச் சேர்ந்து வருஷம் பல ஆயிற்று. நல்ல மனிதர் என்றுதான் ஊரில் பேச்சு. நானும் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் அந்த நான்கு தாழ்ப்பாளை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. சித்திரை வரை இருந்த இருமல் பிறகு விட்டது. மதினி அதற்குப் பிறகு வீட்டில் சாம்பிராணி போடவேயில்லை. அவளும் நானும் அந்த மாலையைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

அவர் தெளிந்து எழுந்தபின், ஆழமில்லாத இடத்தில் ஒருநாள் இறங்கிப் பார்த்தார். நான் கரையில் நின்று பிரியதத்தம் சொன்னேன். ஒன்று. இரண்டு. மூன்றாவது தொடங்குமுன் தலை மேலே வந்துவிட்டது. என்னைப் பார்க்காமல் துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் சம்மாட்டி இரக்கப்பட்டு அவரைக் கயிறு பிடிக்க வைத்துக்கொண்டார். முதல் நாள் போய்வந்து அந்த ஜன்னலடியில் உட்கார்ந்தார். கடல்காற்று நேராக முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. புதிதாக இறங்கிய ஆளுக்கு எத்தனை என்று கேட்டேன்.

“ஆறுளா” என்றார். “நாலுக்கு மேல எனக்குச் சத்தமாச் சொல்ல மூச்சு எட்டல. மிச்சம் ரெண்டையும் மனசுக்குள்ள சொன்னேன்.”

குறைபட்டுக்கொள்ளாமல்தான் சொன்னார். குறையெல்லாம் எனக்குத்தான். எதிரே அண்ணாச்சியின் மாடியில் சாத்திக் கிடந்த நான்கு ஜன்னல்களையும் பார்த்தபடி, அந்த இரண்டு பிரியதத்தத்தையும் முடுக்கெல்லாம் கேட்க நான் சத்தம் போட்டுச் சொன்னேன்.