துடைத்த திருகுகள்

ஒரு பொருள் எந்த அளவுக்குச் சுத்தமானால் போதும்? ஆய்வுக்கூடத்தில் ‘துடைப்பான்’ என்று பெயர் வாங்கிய அந்த மனிதரின் வாழ்க்கை இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. பதிலையும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

பல் போன இடத்தில், தாடை எலும்புக்குள் பொருத்தும் பீங்கான் திருகுகளைத் தயாரிப்பது அவர் வேலை. வழவழப்பான பீங்கானை எலும்பு சட்டை செய்யாது. ஆகவே நுண்மணலைப் பாய்ச்சி, அமிலத்தில் ஊறவைத்து, அதைச் சொரசொரப்பாக்குவார். பிறகு ஒரு சொட்டு நீர் விடுவார். நீர் பரவினால் எலும்பும் பற்றும். உருண்டு நின்றால் பற்றாது. தேறியதைத் துணியால் ஒருமுறை துடைத்துப் பெட்டியில் வைப்பார். துடைக்கும்படி யாரும் சொல்லவில்லை.

சோதனைக்கு முன்வந்த பன்னிரண்டு பேரில் அவருடைய அக்காவும் உண்டு. நான்காம் மாதம் அக்காவின் திருகு ஆடியது.

“என்னடா, உன் ஆணி நாக்கு பட்டாலே ஆடுது?”

“ஆணி இல்லக்கா, திருகு.”

“கழண்டு விழுறதுக்குப் பேரு ஒண்ணுதான் குறைச்சல்!”

மறுநாள், துடைத்து வைத்திருந்த திருகு ஒன்றின்மேல் சொட்டு விட்டார். உருண்டு நின்றது. துணியை முகர்ந்து பார்த்தார். அவரே வீட்டில் துவைத்து, மிருதுவாக்கும் வாசனைத் திரவத்தில் அலசியது. அந்தப் பிசுக்கு பீங்கானில் ஏறியிருந்தது.

தலைமை ஆய்வாளரிடம் போய்ச் சொன்னார்.

“பன்னெண்டுல ஒண்ணுதானே? கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே.”

“மீதி பதினொண்ணையும் நான்தான் துடைச்சேன், மேடம்.”

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இரண்டு வருட ஆய்வு அத்துடன் முடிந்தது. பதினொரு பேருக்கும் கடிதம் போனது. காரணம் என்ற இடத்தில் ‘துணி’ என்றும், பொறுப்பு என்ற இடத்தில் தன் பெயரையும் துடைப்பானே எழுதியிருந்தார். இதை நேர்மை என்று சொல்லலாம். அவர் அதைக் கணக்கு என்றே நினைத்திருப்பார்.

சோதனையை முதலிலிருந்து மறுபடி தொடங்கியபோது, புதிய திருகுகளைத் துடைக்காமல் தூய நீரில் மூழ்கவைத்தார். ஒரு வருடத்துக்குப் பின் சோதித்தபோது, பொருத்திய அத்தனையும் எலும்போடு எலும்பாக இறுகியிருந்தன. அக்காவின் தாடை ஆறத் தாமதமானதால் அவள் முறை கடைசியில் வந்தது.

“இந்தத் தடவையாவது பிடிக்குமாடா?”

“பிடிக்கும்.”

அளந்து பார்த்தபின் சொன்ன வார்த்தை அது. ஆனாலும் மறுவாரம் அக்காவை வேறொரு பல் மருத்துவரிடம் அழைத்துப்போய், உலோகத் திருகு போடச் சொன்னார். அக்கா கேட்டாள், தலைமை ஆய்வாளரும் கேட்டார். அவர் ஏற்கெனவே தேறிய திருகு ஒன்றை எடுத்து, அதன்மேல் இன்னொரு சொட்டு விட்டுப் பார்த்தார்.