பிரதி: பிரதி அமைச்சர்

இன்று வவுனியா பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு போட்டோக்கொப்பிக் கடை. எனக்கு முன்னால் ஓமந்தைப் பக்கத்து அக்கா ஒருவர், யானை வேலி கேட்டு அமைச்சருக்கு எழுதிய மனுவோடு நின்றார்.

கடைக்காரர் மனுவை வாங்கிப் பார்த்தார்.

"அக்கா, கீழ 'பிரதி: பிரதி அமைச்சர்' எண்டு கிடக்கு. ஒரு 'பிரதி' கூடிப்போச்சு. வெட்டிவிடட்டோ?"

"வெட்டாதேங்கோ தம்பி. முதலாவது கொப்பி. ரெண்டாவது ஆள், அமைச்சருக்கு அடுத்தவர்."

"ஆளைக் கண்டனீங்களோ?"

"எங்க? போன கூட்டத்துக்கு அமைச்சருக்குப் பதிலா அவர் வருவார் எண்டவை. பிறகு அவருக்குப் பதிலா இணைப்பாளர் எண்டவை. கடைசியில வந்தது இணைப்பாளரின்ர மச்சான். அமைச்சருக்கெண்டு கட்டின மாலையை அவருக்குப் போட்டு மனுவைக் குடுத்தனாங்கள்."

"பிறகு?"

"பிறகென்ன, ஆனை வந்து வயலை உழக்கிப்போட்டுப் போட்டுது. அது மட்டும்தான் ஆளை அனுப்பாமல் தானே வாறது."

வரிசையில் நின்ற நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை.

கடைக்காரர் கொப்பிகளை நீட்டினார். "அமைச்சருக்கும் பிரதி அமைச்சருக்கும் ரெண்டு கொப்பி. அப்ப ஒரிஜினல் ஆருக்கு?"

அக்கா மூல மனுவை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அது என்னட்டையே இருக்கட்டும். அங்கயிருந்தும் ஒரிஜினல் ஒண்டும் வாறேல்லைத்தானே."

உங்கள் ஊர்க் கூட்டத்துக்கு இதுவரை ஒரிஜினல் யாராவது வந்ததுண்டா? யானையைத் தவிர்த்துச் சொல்லுங்கள்.