மொனராகலையில் கோல் காத்தவன்

பதுளை பஜாரில் என் கடைப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். மூன்று மொழியிலும் என் பெயர் இருக்கிறது. பலகைக்குக் கீழே உள்ள இரண்டு மாடியும் நான் கட்டியது. பின்னால் இருக்கும் அரிசிக் களஞ்சியம், வாடகைக்கு ஓடும் வேன்கள், கொஸ்லந்தப் பக்கம் மிளகுத் தோட்டம், மகளின் கொழும்புப் படிப்பு, எல்லாம் இந்தக் கை சம்பாதித்தது. நமுனுகுலயில் ஒரு தோட்டத்து லயக் காம்பிராவில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு லொறியில் கிளீனராக ஏறியவன் நான். எனக்குக் கைகொடுத்ததாகச் சொல்பவன் இருந்தால் முன்னால் வரட்டும்.

இவ்வளவும் கட்டியவன், இணையத்தில் ஒரே ஒரு பெயரைத் தேடித் திரிந்தேன் என்றால் சிரிப்பார்கள். டவுனில் உள்ள கல்லூரியின் பழைய மாணவர்கள் அந்தக் காலத்து உதைபந்தாட்ட அணிகளின் பட்டியலை வருடவாரியாக இணையத்தளத்தில் போட்டு வந்தார்கள். மகள் ஊருக்கு வரும்போதெல்லாம் அவளை நெட் கடைக்குக் கூட்டிப்போய்த் தேடச் சொல்வேன். எனக்கு வேண்டிய வருடம் மட்டும் வரவே இல்லை. "அப்பா, நீங்க அங்க படிக்கவே இல்லையே, அதுல என்னத்த தேடுறீங்க?" என்பாள். நீ தேடு என்பேன்.

அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் யாழ்ப்பாணத்து மாஸ்டர். கணக்குப் படிப்பிக்க வந்தவர். வெள்ளைச் சட்டையில் கசங்கல் விழாமல் பொடியன்களோடு ஓடுவார். தொண்ணூறுகளின் நடுவில், சண்டைக் காலத்தில் ஒரு சனிக்கிழமை, மொனராகலையில் சிநேகபூர்வ ஆட்டம். என் முதல் வேனைத்தான் பிடித்தார். டிரைவர் புதியவன், வேனை அவனை நம்பி விட மனமில்லாமல் நானும் ஏறிக்கொண்டேன். பசறை வளைவுகளில் கோல் காக்கும் பொடியன் வாந்தி எடுத்து எடுத்துத் துவண்டு போனான். அவனைப் பசறையில் அவன் அத்தை வீட்டில் இறக்கிவிட்டுப் போனோம். அதுதான் வினை.

மொனராகலைக்கு முன்னால் சோதனைச்சாவடி. பொடியன்களில் பாதிப்பேரிடம் அடையாள அட்டை கிடையாது. அதற்குப் பதிலாக அதிபர் முத்திரை குத்திய பெயர்ப்பட்டியல்தான் மாஸ்டரிடம் இருந்தது. சார்ஜன் முதலில் மாஸ்டரின் அட்டையை வாங்கினார். பிறந்த ஊரைப் பார்த்தார். அட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பிறகு டிரைவரை விட்டுத் தலைகளை எண்ணினார். கணக்குச் சரி. ஏனென்றால் பட்டியலில் இருந்த ஒருவன் இல்லை; பட்டியலில் இல்லாத நான் இருந்தேன். இதை விளக்கினால், இறங்கிப் போனவன் எங்கே, ஏறி வந்தவன் யார் என்று தொடங்கும். அந்த நாட்களில் அது எங்கே போய் முடியும் என்று ஒருவருக்கும் தெரியாது.

பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவனாக இறங்கி வெயிலில் நின்றான். கோல்காப்பாளன் பெயர் வந்தது. பதில் இல்லை. சார்ஜன் இரண்டாம் தரமும் கூப்பிட்டார். நான் எழுந்து இறங்கினேன். என் சட்டைப்பையில் என் சொந்த அட்டை இருந்தது. தடவிப் பார்த்தால் எல்லோருடைய கதையும் முடிந்தது.

முப்பது தாண்டிய என்னை, மேலும் கீழும் பார்த்துவிட்டு, எந்த வகுப்பு என்று சிங்களத்தில் கேட்டார். உயர்தரம் என்றேன். எத்தனையாவது தடவை எழுதுகிறாய் என்றார். பாஸாகும் வரைக்கும் எழுதுவேன் சேர் என்றேன். சிப்பாய்கள் சிரித்தார்கள். சார்ஜன் சிரிக்கவில்லை. வேனிலிருந்து பந்தை எடுக்கச் சொன்னார். இரண்டு பீப்பாய்க்கு நடுவே என்னை நிறுத்தி, சப்பாத்துக் காலால் ஓங்கி உதைத்தார். தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தேங்காய்நார்ப் பந்து பிடித்து வளர்ந்த கை இது. நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன். மாஸ்டரின் அட்டை திரும்பி வந்தது.

ஆனால் பிற்பகல் டியூட்டி முடிந்ததும் மைதானத்துக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார். வந்தார். கோட்டோரம் துவக்கோடு உட்கார்ந்தார். வேறு வழியில்லாமல் அந்தப் பொடியனின் ஜெர்சியில் வயிற்றைத் திணித்துக்கொண்டு ஆட்டம் முழுவதும் நின்றேன். இரண்டு கோல் விட்டேன், மறைக்கவில்லை. கடைசியில் வந்த பெனால்டியைப் பிடித்தேன். மூன்றுக்கு இரண்டு. சார்ஜன் எழுந்து கைதட்டிவிட்டுப் போனார். திரும்பும் வழியில் பசறையில் அந்தப் பொடியனை ஏற்றிக்கொண்டோம்.

கடைசியில் அந்த வருடம் இணையத்தில் வந்தது. அனுப்பியவர் கனடாவில் இருக்கும் மாஸ்டர்தான். மகள் வாசித்தாள். கோல்காப்பாளர் என்று பசறையில் படுத்துக் கிடந்தவன் பெயர். 'மொனராகலையில் பெனால்டி தடுத்தவர்' என்று கீழே ஒரு குறிப்பு வேறு. நம்பர் தேடிப் பிடித்து அவரோடு கதைத்தேன்.

"அண்ணை, அது முத்திரை குத்தின பட்டியல். அதிலை கை வைக்கேலாது. பொய்ப் பேரிலை ஆள் கொண்டு போனனான் எண்டு வெளியிலை வந்தால், நாளைக்கு நான் ஊருக்கு வரேக்கை ஆர் பதில் சொல்லுறது? விடுங்கோ."

"பயம் எனக்கும் இருந்துச்சு சேர். நான்தானே எந்திரிச்சேன்."

அவர் வேறு கதைக்கு மாறினார். நானும் விட்டேன். அவர் பயம் நியாயமானது என்று எனக்குத் தெரியும். வாயைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

சண்டை முடிந்த பிறகு மாஸ்டர் வந்தார். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் யாரும் எதையும் கேட்கவில்லை. என் வீட்டில் சாப்பிட்டார், மீன் குழம்பைப் புகழ்ந்தார், மகளுக்குப் பேனா கொடுத்தார். மொனராகலை என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. கை கழுவும்போது மட்டும் என் கையைப் பிடித்து, கொஞ்ச நேரம் விடாமல் நின்றார். அது எனக்குப் போதாது.

என் பெயர் இருந்த பட்டியல்கள் எல்லாம் கூலிக்காரர் பட்டியல்கள். கல்லூரிக்காக நான் நின்றது ஒரே ஒரு நாள். அதுவும் அடுத்தவன் பெயரில். அந்தப் பொடியனின் பெயரை எடுக்க வேண்டாம், இருக்கட்டும். ஆனால் பழைய மாணவர் சங்கத்தாரே, மொனராகலை ஆட்டத்தில் கோல் காத்தவன் நான். அதை அந்தப் பெயருக்குக் கீழே எழுதுங்கள். என் பெயர் தெரியாது என்று சொல்ல முடியாது. பஜாருக்கு வந்து அண்ணாந்து பாருங்கள், பலகையில் இருக்கிறது. பார்த்து அப்படியே எழுதுங்கள்.