முனிரத்தினத்தின் சரிகைச் சோதனை

பெரிய காஞ்சிபுரத்துத் தறிக்காரர் தெருவில் முனிரத்தினத்தை அறியாதவர் இல்லை. சூரத்திலிருந்து வரும் சரிகையை இரண்டு விரலுக்கிடையில் உருட்டியே, உள்ளே இருப்பது வெள்ளியா செம்பா என்று சொல்லிவிடுவார். அதோடு நிறுத்தியிருந்தால் அவரைப் பற்றிப் பேச ஒன்றும் இருந்திருக்காது.

விஷம் பட்டால் வெள்ளி கறுக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்று முதல் அவர் வீட்டில் மீன் குழம்பை முதலில் ருசி பார்ப்பது சரிகைதான். பொன் முலாமை உரசி நீக்கிய வெள்ளி இழையைச் சட்டியில் முக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே இலை போடச் சொல்வார். கொஞ்ச நாளில் தெருவே குழம்புக் கிண்ணத்தோடு அவர் வாசலுக்கு வந்தது. ஒருமுறை மனைவி ஜெயம்மாள் பூண்டைக் கொஞ்சம் தாராளமாகத் தட்டிப் போட்டாள். இழை கறுத்துவிட்டது. அருமையான விரால் மீன் குழம்பு சாக்கடைக்குப் போயிற்று. பூண்டும் வெள்ளியைக் கறுக்க வைக்கும் என்பது அந்த மேதைக்குத் தெரியாது. குடும்பமே உயிர் தப்பியது என்று தெரு அவரைக் கொண்டாடியது. ஜெயம்மாள் மோர் ஊற்றிச் சாப்பிட்டாள்.

ஒரு கோடையில் அவள் தம்பி சின்னப்பையன் சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஒரு மூட்டை மட்டிச் சிப்பி கொண்டுவந்தான்.

"தண்ணி செவசெவன்னு இருக்குது மாமா. குப்பத்துல ஒருத்தரும் மட்டி பொறுக்கல, சோம்பேறிங்க. நான் ஒருத்தனே அள்ளிக்கினு வந்தேன்" என்று பெருமைப்பட்டுவிட்டு, சாப்பிடக்கூட நிற்காமல் ரயிலைப் பிடிக்க ஓடினான்.

கடற்கரை ஜனம் தொடாததை நாம் தின்னலாமா என்று ஜெயம்மாள் கேட்டாள். சரிகை எதற்கு இருக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டார்.

கடலைச் சிவக்கவைத்தது கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி. மட்டி அதை வடிகட்டித் தின்று, விஷத்தைத் தன் சதையில் சேர்த்து வைத்துக்கொள்ளும். கொதிக்கவைத்தாலும் அது போகாது, வெள்ளியும் அதைக் காட்டிக்கொடுக்காது. இதெல்லாம் பின்னால் வந்த படிப்பு. அன்று பூண்டு போடாத குழம்பில் முக்கியெடுத்த இழை கல்யாணப் புடவைக் கரையாக மின்னியது. முனிரத்தினம் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு அதிகமானதைப் போல முதலில் உதடு எரிந்தது. பிறகு விரல் நுனிகள் மரத்தன. பக்கத்தில் கிடந்த இழையை எடுத்து உருட்டினார். கையில் ஏதாவது இருக்கிறதா என்றே தெரியவில்லை. அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது. கூப்பிடலாம் என்றால் நாக்கு புரளவில்லை. இலைக்குப் பக்கத்திலேயே சாய்ந்தார். அறிவு மட்டும் தெளிவாக இருந்தது.

எதிர்வீட்டுக் கண்ணாயிரம் ஓடிவந்து முதல் வேலையாகச் சரிகையை எடுத்துப் பார்த்தார்.

"பளபளன்னு இருக்குது. கொழம்பு மேல குத்தமில்ல, வெயில் பித்தம்தான். நீ சாப்பிடும்மா, ராவெல்லாம் முழிக்கணும்."

புருஷன் சாப்பிட்ட இலையில் சாப்பிடுவது ஜெயம்மாளின் வழக்கம். அழுதுகொண்டே சட்டியை அருகில் இழுத்துச் சோற்றைப் பிசைந்தாள். முனிரத்தினம் பார்த்துக்கொண்டே கிடந்தார். சரிகை தப்பு என்று சொல்ல ஆயுளில் முதல்முறையாக ஆசைப்பட்டார், வாய் எழவில்லை. கால் மட்டும் இன்னும் கொஞ்சம் சொன்னபடி கேட்டது. இருந்த பலத்தையெல்லாம் கூட்டி உதைத்தார். சட்டியும் இலையும் கவிழ்ந்து குழம்பு தரையெல்லாம் ஓடியது. பித்தம் தலைக்கேறிவிட்டது என்றார் கண்ணாயிரம்.

மறுநாள் உடம்பு மெல்லத் தேறியது. அதற்குள் குழம்புதான் காரணம் என்று தெரு தீர்ப்பை மாற்றிச் சொல்லிவிட்டது. சோதனையில் தப்பில்லையாம், சரிகைதான் போலியாம். போலியைக் கண்டுபிடிக்கத் தெரியாதவரிடம் அதன் பிறகு யாரும் சரிகை கொண்டுவரவில்லை. குழம்பில் முக்க மட்டும் வேறொருவர் தேர்ந்து கொடுத்த சரிகையை வாங்கிக்கொண்டார்கள்.

"பூண்டு கொழம்ப கொட்டினீங்க, அதுக்காவது சரிகை கறுத்துது. இத ஏன் கொட்டினீங்க?" என்று ஜெயம்மாள் கேட்டாள்.

"நீ தின்னுடப் போறியேன்னு."

அடுத்த மீன் குழம்பில் இரண்டு மடங்கு பூண்டு தட்டிப் போட்டாள். அவர் இழையைத் தேடாமல் இலை முன் உட்கார்ந்தார்.