சுவரோர நாற்காலி

பல்லக்கா வெங்காயம் வாங்க வந்தாலே கடைக்காரருக்கு வியர்க்கத் தொடங்கிவிடும். கூடையின் மேலே பளபளவென்று இருப்பதை அவள் நம்பமாட்டாள். முழங்கை வரை உள்ளே விட்டு அடியில் கிடப்பதை எடுத்து அமுக்கிப் பார்ப்பாள். அதுவும் நன்றாக இருந்துவிட்டால் போச்சு, "எல்லாமே நல்லா இருக்கே, என்ன விஷயம்?" என்று கடைக்காரரையே மேலும் கீழும் பார்ப்பாள். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டு நாலடி நடந்து, திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்க்கிற ரகம்.

பொய்ப்பல் செய்வது அவள் தொழில். பல் டாக்டர்கள் வாயின் அச்சை அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகு வைத்து, பல் பல்லாகக் கோத்து அனுப்புவாள். ஆட்களின் முகம் தெரியாது, வாய் மட்டும்தான் தெரியும். அதற்கே, "இந்த ஆள் ராத்திரியெல்லாம் பல்லை நறநறன்னு கடிக்கறான், மனசுல என்னவோ இருக்கு" என்று யாரென்றே தெரியாதவர் மேல் சந்தேகப்படுவாள்.

இந்தக் குணம் பிறவியிலேயே வந்ததல்ல. கல்யாணமான புதிதில் அவளும் எதைச் சொன்னாலும் நம்புகிறவளாகத்தான் இருந்தாள். கணவன் வேறொரு ஊரில் வேறொரு குடும்பம் வைத்திருந்தான். அது அக்கம்பக்கத்துக்குத் தெரியும், சொந்தக்காரர்களுக்குத் தெரியும், பால் ஊற்றுகிறவருக்குக்கூடத் தெரியும். கடைசியாகத் தெரிந்தது இவளுக்குத்தான். அவன் போனதுகூட அவளை அவ்வளவு வாட்டவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கத் தான் ஒருத்தி மட்டும் முட்டாளாக நின்றதுதான் ஆறவே இல்லை. இனி எந்த இடத்திலும் நாம் முதலில் மனதைத் திறந்து காட்டக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

அப்படிப்பட்டவளுக்குப் போக்கர் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் அவள் பட்டறையில்தான் ஆட்டம். ஆளுக்கு இரண்டு சீட்டு. மேசை நடுவில் பொதுவாக ஐந்து சீட்டு ஒவ்வொன்றாகத் திறக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், வேண்டாமென்று சீட்டை மடக்கிப் போடலாம். காசு கிடையாது. நிறம் சரியில்லையென்று டாக்டர்கள் திருப்பி அனுப்பிய பற்கள்தான் பந்தயப் பணம். முன்பல்லுக்கு மதிப்பு ஒன்று, கடைவாய்ப் பல்லுக்கு ஐந்து. தோற்றவர் எல்லாருக்கும் தேநீர் போட்டுப் பாத்திரம் கழுவ வேண்டும்.

ஆடுவது நாலு பேர். பல்லக்கா, வாடகைக் கார் ஓட்டும் அவளுடைய தம்பி, பக்கத்துத் தெரு மரக்கிடங்கின் மேலாளர், அதே கிடங்கில் கிரேன் ஓட்டும் கிரேன்காரர். கிரேன்காரர் ஐம்பதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர்.

இந்த ஆட்டத்தில் கையில் என்ன சீட்டு என்பது பாதிதான். மீதி, எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது. பந்தயம் எப்போதும் இடப்பக்கமாகவே சுற்றும். நமக்கு வலப்பக்கம் இருப்பவர் நமக்கு முன்னால் வாயைத் திறந்தாக வேண்டும். இடப்பக்கம் இருப்பவரோ நாம் என்ன செய்தோம் என்று நிதானமாகப் பார்த்துவிட்டுத் தன் வேலையைக் காட்டலாம். அதனால்தான் கண்டபடி கட்டுகிற தம்பியை அவள் எப்போதும் தன் வலப்பக்கம் வைத்துக்கொள்வாள். அவன் கொட்டியதைப் பார்த்துவிட்டு இவள் முடிவெடுப்பாள். முதலில் பேச வேண்டிய சுற்றில் உருப்படியான சீட்டு இல்லாவிட்டால் சத்தமில்லாமல் மடக்கிவிடுவாள்; கடைசியாகப் பேசும் சுற்றில் ஒன்றுமில்லாத சீட்டை வைத்துக்கொண்டே மற்றவர்களை மிரட்டி அனுப்பிவிடுவாள்.

அவளுடைய இடப்பக்கத்து நாற்காலிதான் பிரச்சினை. பட்டறை மேசையின் ஒரு முனை சுவரை ஒட்டியிருக்கும். பக்கத்துக்கு இரண்டு பேர் உட்காரலாம்; சுற்றில் அவளுக்கு வலப்பக்கமாக வருகிற தம்பி எதிர் நாற்காலியில் இருப்பான். அவளுக்கு இடப்பக்கம், சுவரோரமாக இருக்கும் நாற்காலியின் அடியில் மாவு மூட்டைகள் அடுக்கியிருப்பதால் காலை நீட்ட முடியாது. ஒருவருக்கும் பிடிக்காத அந்த நாற்காலியை, எல்லாருக்கும் முன்னால் வந்து கிரேன்காரர் பிடித்துக்கொள்வார். பல மாதங்களாக இதுவே வழக்கம்.

வந்து உட்கார்ந்து சும்மா இருந்தாரா? அவள் பந்தயம் கட்டும்போதெல்லாம் உடம்பையே திருப்பிக்கொண்டு அவள் கையைப் பார்ப்பார். பார்த்துவிட்டுப் பெரும்பாலும் மடக்கிவிடுவார். ஊரே பல்லக்கா என்று கூப்பிட, அவர் மட்டும் ஒரு நாளும் அக்கா என்றதில்லை. எந்தப் பெயரும் சொல்லாமல், "இந்தாங்க", "கேளுங்க" என்றே ஓட்டிவிடுவார்.

"ஏதோ திட்டம் போடறாருடா," என்றாள் தம்பியிடம்.

"அக்கா, ஒரு மனுஷன் உன் பக்கத்துல உக்காரணும்னு ஆசைப்பட்டா, அதுக்குப் பேரு திட்டமா?"

"மூட்டைக்கு நடுவுல முட்டியை மடக்கிட்டு உக்கார எவனுக்குடா ஆசை வரும்?"

தம்பி சொன்னது சரியென்று ஒரு ஞாயிறு தெரிந்துபோனது. மற்றவர்கள் கிளம்பிய பிறகு கிரேன்காரர் வாசலிலேயே நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு பேரும் தனியாத்தான் இருக்கோம். நீங்க சரின்னா, சேர்ந்து இருக்கலாம்," என்றார். பல்லக்காவின் காதெல்லாம் சூடாகிவிட்டது. உள்ளுக்குள் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் பிடித்திருந்ததே பயமாகவும் இருந்தது. முகத்தில் எதையும் காட்டாமல், "யோசிச்சு சொல்றேன்," என்று அனுப்பிவைத்தாள்.

யோசித்தாள். சாதாரண யோசனையா அது? சல்லடை போட்டுச் சலித்தாள். இவ்வளவு நல்லவராக இருக்கிறாரே, எங்கே இடிக்கிறது? என்னை முதலில் பேசவிட்டு, என் கையைப் பார்த்துவிட்டுத் தன் சீட்டை மூடி வைத்துக்கொள்கிற ஆள், வீட்டில் எதை மூடி வைப்பார்? ஒருமுறை பட்டது போதாதா? சரியென்று சொல்வதற்கு முன்னால் அவரை ஒருமுறையாவது தனக்கு முன்னால் பேசவைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

அடுத்த ஞாயிறு எல்லாரும் வந்ததும், "இன்னையிலேர்ந்து இடத்தையும் சீட்டெடுத்து முடிவு பண்ணிக்கலாம்," என்றாள்.

"எதுக்கு? பழகின இடம்தானே," என்றார் கிரேன்காரர். குரலில் ஒரு தடுமாற்றம். அது போதாதா பல்லக்காவுக்கு?

சீட்டைக் கலைத்துப் போட்டவள் அவளே. மயிரிழை பிசகாமல் பல் கோக்கிற விரல்கள். யாருக்கு எது போக வேண்டுமோ அது போனது. ஆள் ஏமாற்றுகிறாரா என்று கண்டுபிடிக்க அவளே ஏமாற்றினாள், அதில் அவளுக்கு ஒரு கூச்சமும் இல்லை. சுவரோர நாற்காலி அவளுக்கு வந்தது. அவளுக்கு வலப்பக்கம், அவளுக்கு முன்னால் பேச வேண்டிய இடத்தில் கிரேன்காரர். எதிரே தம்பியும் மேலாளரும்.

ஒரு சுற்றில் கிரேன்காரர் ஒரு முன்பல்லைக் கட்டினார். பல்லக்கா பேசாமல் ஒரு கடைவாய்ப் பல்லை முன்னால் நகர்த்தினாள். எதிரே இருவரும் மடக்கினார்கள். இனி அவர் ஈடுகட்ட வேண்டும், இல்லையென்றால் விலக வேண்டும். அவரோ, "அடுத்த சீட்டைத் திறங்க," என்றார்.

"அக்கா ஏத்தியிருக்காங்களே," என்றார் மேலாளர்.

"ஓ," என்று அவசரமாகக் குறையைப் போட்டார்.

பல்லக்காவுக்குள் மணி அடித்தது. தெரியாத மாதிரி குறைத்துக் கட்டப் பார்க்கிறார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு ஆட்டம். மற்றவர்கள் விலகி இவர்கள் இருவரும் மிஞ்சினார்கள். கடைசிச் சீட்டும் திறந்தாயிற்று. கிரேன்காரர் எதுவும் கட்டாமல் விரலால் மேசையைத் தட்டினார். பல்லக்கா கையிலிருந்த கடைவாய்ப் பற்கள் அத்தனையையும் துணி விரிப்பின் மேல் மெல்லத் தள்ளினாள். அவளிடம் சீட்டு ஒன்றும் பிரமாதமில்லை, மிரட்டல்தான். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஆட்டம் முடிந்துவிட்டது போலத் தன் சீட்டு இரண்டையும் நிமிர்த்திப் போட்டார். மூன்று எட்டு சேர்ந்திருந்தது.

"இது என்ன ஆட்டம்?" என்றாள் பல்லக்கா. "நான் கட்டின பிறகு சீட்டைத் திறந்து போட்டு, என் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கறீங்களா?"

"கட்டினீங்களா?"

"பக்கத்துல குவிச்சு வெச்சிருக்கேன். யார் காதுல பூ சுத்தறீங்க? இத்தனை நாளா என் கையைப் பாத்து ஆடினீங்க. இன்னைக்கு இடம் மாறினதும் வேற தந்திரம். எல்லாரும் பாருங்க, இவர் லட்சணத்தை."

"சத்தியமா பாக்கல," என்றார் அவர், எதிரே இருந்த மேலாளரைப் பார்த்து.

"பாக்கலையா? அப்ப இது எத்தனைன்னாவது தெரியுதா?" என்று நக்கலாகத் தன் விரல்களை விரித்து அவர் முகத்தின் இடப்பக்கம் நீட்டினாள்.

 அவர் மேலாளரையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தருகே நீட்டிய கைக்கு அந்தப் பக்கத்துக் கண் இமைக்கக்கூட இல்லை. தம்பியின் சிரிப்பு பாதியில் நின்றது. பல்லக்கா கையை இறக்க மறந்து அப்படியே இருந்தாள்.

மேலாளர் சீட்டுகளைக் கீழே வைத்தார். "வலது கண்ணைக் கையால மூடு," என்றார் மெதுவாக.

கிரேன்காரர் மூடவில்லை.

"போன மாசம் கிரேன்ல தூக்கின கட்டை அலமாரியில இடிச்சுச்சே. சங்கிலி வழுக்கிடுச்சுன்னு சொன்னியே."

"இடது கண்ணு ஒரு வருஷமா மங்கிக்கிட்டே வந்துச்சு," என்றார் கிரேன்காரர். "இப்ப சுத்தமா இல்ல. சொன்னா இறக்கிவிடுவீங்கன்னு..."

"கீழ ஆளுங்க நிக்கறாங்கப்பா. நாளைக்கு நீ மேல ஏறாதே."

கிரேன்காரர் எழுந்து போனார். கதவு நிலையில் இடது தோள் இடித்தது, நிற்காமல் போனார். மேசை நடுவில் கிடந்த பற்களை யாரும் தொடவில்லை.

அன்றைக்கு ராத்திரி பல்லக்கா அழுதாள். மனசைக் கொடுக்க நினைத்த ஆளைத் தானே நாலு பேர் நடுவில் அம்பலப்படுத்திவிட்டோமே என்று அழுதாள். தனக்கு நடந்தபோது எப்படி இருந்தது என்று தெரிந்தும் அதையே இன்னொருவருக்குச் செய்தோமே என்று அழுதாள். அதன் நடுவிலும் அவள் புத்தி சும்மா இருக்குமா? சுவர் இடப்பக்கம் வருகிற மாதிரி அந்த மேசையில் இருப்பது ஒரே ஒரு நாற்காலிதான் என்பது அவளுக்கு உறைத்தது. பார்வையில்லாத பக்கம் சுவர், பார்வை உள்ள பக்கம் மற்ற எல்லாரும். அப்படியென்றால் அந்த மனிதர் என் பக்கத்தில் உட்கார ஆசைப்பட்டு உட்காரவே இல்லையா? அழுகை நின்று, ஆத்திரம் வந்தது.

கிடங்கில் அவருக்குத் தரையிலேயே சரக்குச் சரிபார்க்கிற வேலை தருவதாகச் சொல்லியும் அவர் போகவில்லை என்று மேலாளர் சொன்னார். அடுத்த ஞாயிறு ஆட்டம் நடக்கவில்லை. பல்லக்கா அவர் குடியிருந்த மாடி அறைக்குப் போனாள்.

கதவு திறந்ததும் அவள் கண் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. அலமாரியில் என்ன மருந்து, கொடியில் யார் துணி, வாசலில் எத்தனை செருப்பு.

"என்னைப் பாக்க வந்தீங்களா," என்று கேட்டார் அவர், "இல்ல, இன்னும் என்னென்ன மறைச்சு வெச்சிருக்கேன்னு பாக்க வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான்," என்றாள்.

அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்து போனது. உட்காரச் சொல்லிவிட்டுக் கெட்டிலை அடுப்பில் வைத்தார்.

"அந்த நாற்காலிக்காகத்தான் என் பக்கத்துல உக்காந்தீங்களா?"

"முதல்ல நாற்காலிக்காகத்தான்," என்றார் அவர். "பொய் சொல்லல."

முதல்ல என்ற சொல்லை அவள் எடுத்து வைத்துக்கொண்டாள். அவர் கோப்பையில் தேநீர் ஊற்றத் தொடங்கினார். தேநீர் கோப்பைக்கு ஒரு விரல் தள்ளி, நேராக மேசையில் விழுந்து ஓடியது. அவர் மிகவும் கவனமாக, கை ஆடாமல், வெறும் மேசையில் ஊற்றிக்கொண்டிருந்தார். இந்தக் கையும் தூரம் பிடிபடாத இந்த ஒற்றைக் கண்ணும்தான் ஆட்களின் தலைக்கு மேலே கட்டைகளைத் தூக்கி இறக்கியிருக்கின்றன. அவரைக் காட்டிக்கொடுத்தது தப்பு என்று ஒரு வாரமாக மருகியவளுக்கு, அது தப்பில்லை என்று இப்போது தெரிந்தது. தெரிந்ததும் முன்னைவிட அதிகமாக வலித்தது.

"கொட்டிடுச்சா?" என்றார்.

"கொட்டிடுச்சு."

அவர் துணியால் துடைத்தார்.

"நீங்க கேட்டதுக்கு எனக்குச் சம்மதம்," என்றாள் பல்லக்கா. அவர் இன்னும் கேட்கிறாரா, கேட்டதை விட்டுவிட்டாரா என்று எதுவும் தெரியாமல், எதையும் பார்க்காமல் சொல்லிவிட்டாள்.

"நான் கேட்டப்ப எனக்கு வேலை இருந்துச்சு."

"அப்பவும் ஒரு கண்ணுதான் இருந்துச்சு."

"அது உங்களுக்குத் தெரியாதே."

"இப்ப தெரியுமே."

அவர் ஈரத்துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். பல்லக்கா அவர் முகத்தையே பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் அவர் எதிரே வந்து உட்கார்ந்து, கெட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீங்களே ஊத்துங்க."

அது சம்மதமா, அலுப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்காமல் ஊற்றினாள்.