கற்பாசிக்கு ஊற்றிய தண்ணீர்

உயிரியல் காட்சிக்கூடத்தில் அவளுக்கு அட்டைக்காரி என்று பெயர். பெட்டிகளுக்குப் பெயரட்டை எழுதுவது அவள் வேலை. பிடித்தால் விடமாட்டாள் என்பதால் முதுகுக்குப் பின்னால் வெறும் 'அட்டை'. அது அவளுக்கும் தெரியும்.

அன்று காலை முதல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெயரால் ஏமாற்றும் இரண்டு உயிர்களை அருகருகே வைக்க மேலாளரிடம் மல்லுக்கட்டி இடம் வாங்கியிருந்தாள். மறுநாள் திறப்பு. ஒன்று மலைக்காட்டு மூஞ்சூறு. எலி என்பார்கள்; எலிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பாடம் செய்த உடல், 'அழியும் ஆபத்தில்' என்று சிவப்பு அட்டை. மற்றது, திறந்த பெட்டியில் ஒரு கல்மேல் உயிரோடு படர்ந்த கற்பாசி. வகைப்பாட்டில் அது பூஞ்சை; உள்ளே ஒரு பாசியையும் சேர்த்துக்கொண்டு குடித்தனம் நடத்துகிறது.

"நம்ம வீடு மாதிரிதான். சமைச்சுப் போடறது பாசி, பேரு பூஞ்சைக்கு," என்று கணவனிடம் சொல்லிச் சிரித்திருந்தாள்.

கற்பாசியின் பாதுகாப்பு நிலை: 'மதிப்பிடப்படவில்லை'. இருக்கிறதா போய்விட்டதா என்று யாரும் கேட்டதில்லை. அந்தப் பக்கத்தில் வேறெங்கும் அவள் அதைப் பார்த்ததுமில்லை.

சாம்பல் பச்சையாக இருந்தது இப்போது பழுப்பாகி, விரல் பட்டதும் கொழகொழவென்று உரிந்து வந்தது. காலில் வெந்நீர் கொட்டியவள் போல் பணியறைக்கும் பெட்டிக்குமாக நடந்தாள்.

"இதுல யாராவது எதாவது ஊத்தினீங்களா?"

கூடம் பெருக்கும் அக்கா வாளியைக் கீழே வைத்தாள். "நான்தான். தெனமும் தண்ணி விட்டேன். காஞ்சு கெடந்துச்சு, மனசு கேக்கல. பாசின்னு நீங்கதானே எழுதி வெச்சிருக்கீங்க?"

அட்டைக்காரி தான் எழுதிய அட்டையைத் திரும்பிப் பார்த்தாள்: 'கற்பாசி'. காய்ந்து கிடப்பது அதன் இயல்பு. ஓயாத ஈரம்தான் எமன். 'பூஞ்சை' என்று பெரிதாகப் போடச் சொன்ன மேலாளரிடம், ஜனங்களுக்குப் புரிய வேண்டாமா என்று அடம்பிடித்தவளும் அவளேதான். கோபப்பட ஆளில்லை. அழுகைதான் வந்தது.

"தப்பு என்னோடதுக்கா. ஒரு கை பிடிங்க."

இருவரும் கல்லை முற்றத்துக்குத் தூக்கிப் போனார்கள். ஓரத்தில் நகத்தளவு சாம்பல் பச்சை மிச்சமிருந்தது. பொழுது சாயும்வரை அதை எட்டிப் பார்ப்பதே அவளுக்கு வேலையாகிவிட்டது.

மறுநாள் திறப்புக்கு வந்தவர்கள் சிவப்பு அட்டையைப் படித்து, செத்துப் பல வருடமான மூஞ்சூறுக்காக உச்சுக்கொட்டினார்கள். அவளால் அங்கே நிற்க முடியவில்லை. முற்றத்துக்கு ஓடினாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அக்கா தான் நனைந்தபடி, கல்லுக்குக் குடை பிடித்திருந்தாள்.

"மழை பட்டா ஒண்ணும் ஆகாதுக்கா. மழையில வளர்ந்ததுதான் அது."

"நீங்க எழுதினத நம்பித்தானே ஊத்தினேன்," என்றாள் அக்கா. குடையை மடக்கவில்லை.