எல்லைக் கோட்டையில் அப்பா

தாய்லாந்து எல்லையோரக் கிராமத்தில் இருக்கும் பழைய கோட்டையைப் பார்க்கலாம் என்று அப்பாவைக் கிள்ளானிலிருந்து காரில் கூட்டிப்போனேன். கோட்டை வெறும் சாக்குதான். அப்பா கைக்குழந்தையாக இருந்தபோது, யுத்த காலத்தில், அன்று சயாம் என்ற தாய்லாந்தில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் அவருடைய அப்பாவை, எங்கள் தாத்தாவை, ரப்பர் எஸ்டேட்டிலிருந்து பிடித்துப்போனான். அவர் திரும்பவே இல்லை. இறந்த நாள் தெரியாது என்று சொல்லி அப்பா திதியும் கொடுத்ததில்லை.

மதில்மேல் நின்றால் சயாமுக்குப் போகும் தண்டவாளம் தெரிந்தது. கொண்டுவந்த எள்ளையும் பூவையும் எடுத்துவைத்தேன்.

“இங்கேயே கொடுத்துடுங்கப்பா. இன்னும் எத்தன வருஷம் இழுக்கிறது?” எரிச்சலை என்னால் மறைக்க முடியவில்லை.

“செத்துட்டாருன்னு யாரு பாத்தா?” என்றார்.

எள்ளை அவர் தொடவில்லை. தண்டவாளத்தைப் பார்த்து, பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதுபோல் மெதுவாகச் சொன்னார்.

“நம்ம எஸ்டேட்ட வித்துட்டாங்கப்பா. நாங்க இப்ப கிள்ளான்ல, பழைய பாசார் மார்க்கெட்டுக்குப் பின்னாடி இருக்கோம்.”